நிற்கத் தெரிந்த கார்

கச்சேரிக்கு ஏற்பாடு செய்கிறவர் "வித்வானுக்குப் பாடத் தெரியுமா?" என்று நாலு பேரிடம் விசாரிப்பார். "நிறுத்தத் தெரியுமா?" என்று யாரிடமும் விசாரிப்பதில்லை. அதன் பலனை நள்ளிரவுக்கு மேல் சபையோர் அனுபவிப்பார்கள். மோட்டார் கார் விஷயத்திலும் கதை இதேதான். எத்தனை குதிரை சக்தி, மணிக்கு எத்தனை மைல் என்று கேட்காத ஆள் கிடையாது. "அவ்வளவு வேகத்தில் போகிறதே, எத்தனை அடியில் நிற்கும்?" என்று கேட்டவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

பந்தயக் கார்களின் சரித்திரத்தை நான் படிக்கத் தொடங்கியது ஒரு நாவலுக்காக. அந்த நாவலை எழுதவில்லை. சரித்திரம் மட்டும் பிடித்துக்கொண்டது. அதில் என் மனசை மிகவும் கவர்ந்தது வேகத்தின் கதையல்ல, பிரேக்கின் கதை. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜாகுவார் கம்பெனி, தன் காரை இன்னும் நன்றாக நிற்கச் செய்வதற்காகப் பட்ட பாடும், அதனால் பெற்ற வெற்றியும், அந்த வெற்றிக்கு இரண்டே வருஷத்துக்குள் அதே மைதானத்தில் நேர்ந்த பயங்கரமும் ஒரு நாவலுக்கே போதுமானவை.

முதலில் பிரேக் என்பது என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், கணக்கு ஒன்றே ஒன்றுதான். காரின் வேகம் இரண்டு மடங்கானால் அதை நிறுத்துவதற்கு வேண்டிய பிரயத்தனம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. மூன்று மடங்கு வேகத்துக்கு ஒன்பது மடங்கு. அந்தச் சக்தி முழுவதும் எங்கே போகிறது? உஷ்ணமாக மாறுகிறது. பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற ஓர் அடுப்பு; அவ்வளவுதான்.

பழைய காலத்து டிரம் பிரேக்கில் இந்த அடுப்பு மூடி போட்ட அடுப்பு. சக்கரத்தோடு சுழலும் இரும்புப் பானை ஒன்று. அதற்குள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. காலை வைத்து மிதித்தால் ஷூக்கள் விரிந்து பானையின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும். நாலு தடவை மிதித்தால் பரவாயில்லை. நானூறு தடவை மிதித்தால் பானை பழுக்கக் காய்ந்துவிடும். காய்ந்த பானை விரிந்து, ஷூவை விட்டு விலகிப் போகும். ஷூவின் மேல் ஒட்டிய லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழந்துவிடும். மலைப் பாதையில் இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கையில், ஏதோ கருகுவது போன்ற வாடை மூக்கைத் துளைக்க, டிரைவர் சட்டென்று கியரைக் குறைத்துக்கொண்டு இறங்குவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த மனிதருக்குப் பௌதிக சாஸ்திரம் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

டிஸ்க் பிரேக்கில் பானையும் இல்லை, மூடியும் இல்லை. சக்கரத்தோடு சுழலும் ஒரு தட்டு. அதை இரு பக்கமும் கிடுக்கி போலப் பிடிக்கும் இரண்டு வில்லைகள். தட்டு காற்றிலே திறந்து கிடக்கிறது. சூடு உடனுக்குடன் பறந்து போகிறது. சூட்டில் தட்டு தடித்தாலும் வில்லைகளை நோக்கித்தான் தடிக்குமே ஒழிய விலகிப் போகாது. இன்று நம் தெருக்களில் ஓடும் மோட்டார் சைக்கிள்களின் முன் சக்கரத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு தட்டு மின்னுகிறதே, அதுதான் இது.

இவ்வளவு எளிய யோசனை ஏன் முன்பே வரவில்லை? வந்தது. 1902-ஆம் வருஷமே பர்மிங்ஹாமில் பிரடெரிக் லாங்செஸ்டர் என்ற மேதை டிஸ்க் பிரேக்குக்குப் பேடண்ட் வாங்கிவிட்டார். அவர் வில்லைகளுக்கு உபயோகித்தது செம்பு. செம்பு தட்டில் உரசும்போது எழுந்த கிறீச்சொலி தாங்க முடியாமல் இருந்ததாம்; போதாக்குறைக்கு அந்தக் காலத்துப் புழுதி ரஸ்தாக்களில் செம்பு சீக்கிரமே தேய்ந்தும் போயிற்று. டெர்பிஷயரைச் சேர்ந்த ஹெர்பர்ட் புரூட் என்பவர் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் செய்து அந்தச் சங்கடத்தைத் தீர்த்தார். தம் பெயரின் எழுத்துக்களை இடம் மாற்றிப் போட்டு, மனைவி எலிஸபெத்தின் முதல் எழுத்தையும் நடுவில் நுழைத்து, தம் சரக்குக்குப் 'பெரோடோ' என்று பெயர் வைத்த ரசிகர் அவர்! ஆனால் நல்ல லைனிங் கிடைத்ததும் டிரம் பிரேக்கே போதும் என்று உலகம் இருந்துவிட்டது. (அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி தொழிலாளிகளின் நுரையீரலை என்ன செய்தது என்பது வேறு கதை, அது வெளிவர வெகு காலம் ஆயிற்று.) டிஸ்க் பிரேக் ஆகாய விமானங்களில் போய்ப் புகுந்துகொண்டது. ஓடுபாதையில் வந்து இறங்குகிற விமானம் நின்றே தீரவேண்டும் அல்லவா?

இனி ஜாகுவாருக்கு வருவோம். இந்தக் கம்பெனியை நிறுவிய வில்லியம் லயன்ஸ், 1922-ல் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவாட்டுப் பெட்டி செய்து விற்று ஆரம்பித்தவர். 1948-ல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் எக்ஸ்.கே. 120 என்ற காரை அவர் கொண்டுவந்து வைத்தபோது கூட்டம் மொய்த்துக்கொண்டது. பெயரில் உள்ள 120 என்பது மணிக்கு 120 மைல். "விளம்பரப் புளுகு!" என்றார்கள் சிலர். அடுத்த வருஷம் பெல்ஜியத்தில் ஜபெக் என்ற ஊரின் நேர் ரஸ்தாவில் அந்தக் கார் 132 மைல் ஓடிக் காட்டியது.

ஓடிக் காட்டியது சரி. நிற்பது? அங்கேதான் சங்கடம். அந்தக் காரின் அழகான உடம்பே அதற்குச் சத்துருவாயிற்று. பழைய கார்களில் சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிரேக் டிரம்மின் மேல் காற்று தாராளமாக வீசிற்று. எக்ஸ்.கே. 120-ன் வழவழப்பான தகடு சக்கரங்களை மூடிவிட்டது. காற்று உள்ளே போக வழியில்லை. இன்னொன்றும் உண்டு. பழைய மொட்டைக் கார்களில், கால் எடுத்த மாத்திரத்தில் எதிர்க்காற்றே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படி செய்த உடம்பில் அந்த உதவியும் போயிற்று. வேகத்துக்காகச் செய்த ஒவ்வொரு காரியமும் பிரேக்கின் தலையில் ஒரு சுமையை ஏற்றியது. இதைப் படித்தபோது ஏனோ கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகளின் ஞாபகம் வந்தது எனக்கு.

1951-ல் இந்தக் காரின் எஞ்சினை வைத்து, பந்தயத்துக்கென்றே 'சி டைப்' என்று ஒரு காரைச் செய்தார்கள். அதன் உடம்பை உருவாக்கியவர் மால்கம் சேயர். பிரான்சு தேசத்து லெ மான் நகரத்தில் 24 மணி நேரப் பந்தயம் ஒன்று உண்டு. சாதாரண நாட்டு ரஸ்தாக்களை அடைத்து, இரவு பகலாக ஓட்டுவார்கள். அதில் முதல் முயற்சியிலேயே சி டைப் ஜயித்துவிட்டது. அப்போது அதில் இருந்தது டிரம் பிரேக்தான்.

லெ மானில் பிரேக்கின் மகிமை தெரியவேண்டுமானால் ஓர் இடத்தைச் சொன்னால் போதும். சுமார் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்கோடாக ஒரு ரஸ்தா. கார்கள் 140, 150 மைல் வேகத்தில் வரும். அதன் முடிவில் செங்குத்தாக ஒரு திருப்பம். அங்கே நாற்பது மைலுக்கும் கீழே இறங்கியாக வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், இருபத்து நாலு மணி நேரமும் இதே வேலை. விடியற்காலையில், பிரேக் செத்துப்போன கார்களை ஓட்டுகிறவர்கள் அரை மைலுக்கு முன்பே காலை எடுத்துவிட்டுக் கடவுளை நினைத்துக்கொண்டு வருவார்கள்.

ஜாகுவாரின் தலைமை எஞ்சினியர் வில்லியம் ஹெய்ன்ஸ், டன்லப் கம்பெனியோடு சேர்ந்து, விமானத்தில் இருந்த டிஸ்க் பிரேக்கைக் காருக்குக் கொண்டுவர முனைந்தார். சோதனை ஓட்டத்துக்கு 1952-ஆம் வருஷப் பிறப்பன்று வந்து சேர்ந்தவர் நார்மன் டியூயிஸ். என்னைக் கேட்டால், இந்தக் கதையின் கதாநாயகர் இவர்தான். பந்தயத்தில் ஜயித்தவர்களுக்குப் புஷ்பமும் ஷாம்பேனும் கிடைத்தன. இவருக்குக் கிடைத்தது பழைய விமானத் தளங்களும் சோதனைப் பாதைகளும். நூறு மைல் வேகத்தில் போ, மிதி, நில். மறுபடியும் போ, மிதி, நில். இதையே மாசக்கணக்கில் செய்தவர். ஆபத்தான இந்த உத்தியோகத்தில் இருந்தும் 98 வயது வரை வாழ்ந்து 2019-ல் காலமானார்.

வந்த தொல்லைகள் கொஞ்சமா? விமானம் ஒரு தடவை நின்றால் போதும்; அப்புறம் ஆறிக்கொள்ள நேரம் உண்டு. கார் ஐந்து நிமிஷத்துக்குள் மறுபடி நிற்கவேண்டும். தட்டின் சூடு வில்லைகள் வழியாக ஏறி, குழாயில் உள்ள பிரேக் ஆயிலைக் கொதிக்க வைத்தது. கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழிகள். குமிழியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர பிரேக்கை எப்படி அழுத்தும்? மிதித்தால் பெடல் தரை வரை போய்விடும்; கார் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். டிரம்முக்கு இன்னொரு சாமர்த்தியமும் உண்டு: சுழலும் பானை ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு தானே இறுக்கிக்கொள்ளும். தட்டுக்கு அந்தச் சமர்த்து கிடையாது. மனிதனின் கால் பலம் போதவில்லை. கியர் பெட்டியிலிருந்து ஓடும் ஒரு பம்பை வைத்துக் காலுக்கு உதவி செய்தார்கள்.

எல்லாவற்றிலும் விசித்திரமான தொல்லை மூன்றாவது. மேடு பள்ளத்தில் சக்கரம் குலுங்கும்போது தட்டு இம்மியளவு ஆடி, வில்லைகளைப் பின்னால் தள்ளிவிடும். அடுத்த தடவை மிதித்தால் முதல் மிதி வீண். இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். 140 மைல் வேகத்தில் "முதல் மிதி வீண்" என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்! அதனால் திருப்பம் வருவதற்கு முன்பே நேர் ரஸ்தாவில் லேசாக ஒரு தடவை மிதித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்பட்டது.

இங்கேதான் பிரேக்கும் சஸ்பென்ஷனும் ஒன்றுக்கொன்று சம்பந்தி ஆகின்றன. காரை நிறுத்துவது தட்டும் அல்ல, வில்லையும் அல்ல. டயர் ரஸ்தாவைத் தொடுகிற உள்ளங்கை அகல இடம் நாலு இருக்கின்றனவே, அவைதான் நிறுத்துகின்றன. மிதித்த மாத்திரத்தில் காரின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, பின்பக்கம் லேசாகிறது. சக்கரம் துள்ளினால் ரஸ்தாவோடு தொடர்பு அறுந்தது. எவ்வளவு உயர்ந்த பிரேக்கானாலும் பிரயோசனமில்லை. ஜாகுவாரில் முன் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே, முறுக்குக் கம்பியின் பலத்தில் ஏறி இறங்கின. பின்பக்கம் மட்டும் பழைய கட்டை வண்டி சம்பிரதாயம்: இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே அச்சு. எக்ஸ்.கே. 120-ல் அது கமான் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. சி டைப்பில் பட்டையை எடுத்துவிட்டு, அங்கேயும் முறுக்குக் கம்பியைப் போட்டு, அச்சு தன் இஷ்டத்துக்கு ஆடாதபடி கைகளால் கட்டிப் பிடித்தார்கள். ஆனாலும் ஒரே அச்சு ஒரே அச்சுதான். லெ மானைப் போல் வழவழப்பான ரஸ்தாவில் பின்னால் வந்த 'டி டைப்' வரை ஜாகுவார்கள் ராஜாவாக இருந்ததும், கரடுமுரடான இடங்களில் இத்தாலியக் கார்களிடம் திணறியதும் இதனால்தான்.

1952 மே மாதம். இத்தாலியில் ஆயிரம் மைல் பந்தயமான மில்லெ மிலியா. டிஸ்க் பிரேக் போட்ட சி டைப்பை 22 வயது ஸ்டிர்லிங் மாஸ் ஓட்ட, பக்கத்தில் டியூயிஸ் உட்கார்ந்து போனார். பிரேக் நன்றாகவே வேலை செய்தது. ஸ்டீயரிங் பழுதாகி நின்றார்கள். ஆனால் வழியில் ஜெர்மனியின் மெர்ஸிடிஸ் கார்கள் போன போக்கைப் பார்த்து மாஸ் மிரண்டு போனார். "லெ மானுக்கு இன்னும் வேகம் வேண்டும்" என்று கம்பெனிக்குத் தந்தி பறந்தது.

பாருங்கள் வேடிக்கையை! மெர்ஸிடிஸிடம் இல்லாத பிரேக் கையில் இருக்கிறது. மனசு வேகத்தின் பின்னால் ஓடுகிறது. அவசர அவசரமாகக் காரின் மூக்கை நீட்டி, தாழ்த்தி, புது உடம்பு செய்து மாட்டினார்கள். பிரேக் இன்னும் சோதனையில் இருந்ததால் பழைய டிரம்மே போயிற்று. எஞ்சின் தண்ணீர் கொதித்து, பந்தயம் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் மூன்று ஜாகுவார்களும் ஒதுங்கிவிட்டன.

அந்த வருஷம் லெ மானில் வேறொருவரின் சோகத்தையும் சொல்லவேண்டும். பின்னால் அவர் வரப்போகிறார். பியர் லெவெக் என்ற பிரெஞ்சுக்காரர், தம் டால்பட் காரை மாற்று ஆளிடம் கொடுக்காமல் ஏறக்குறைய இருபத்து மூன்று மணி நேரம் தாமே ஓட்டினார். வெகு தூரம் முன்னணியில் இருந்தார். பந்தயம் முடியச் சுமார் ஒரு மணி நேரம் இருக்கையில் எஞ்சின் முறிந்தது. வெற்றி மெர்ஸிடிஸுக்குப் போயிற்று.

இரண்டே வாரத்தில் ரீம்ஸ் நகரத்தில் மாஸ் டிஸ்க் பிரேக் காரில் ஜயித்தார். பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பெற்ற முதல் வெற்றியாக அதைச் சொல்வார்கள். அடுத்த வருஷம் கம்பெனிக்குப் புத்தி தெளிந்திருந்தது. பழைய உடம்பையே மெல்லிய தகட்டில் செய்தார்கள். மூன்று காருக்கும் டிஸ்க் பிரேக்.

1953 ஜூன் 13, 14 தேதிகளில் நடந்த பந்தயம். எதிரே பெராரியின் நாலரை லிட்டர் எஞ்சின். ஓட்டுகிறவர் உலக சாம்பியன் அஸ்காரி. அமெரிக்காவின் கன்னிங்ஹாம் கார் நேர் ரஸ்தாவில் ஜாகுவாரை விட வேகம். ஜாகுவாரின் எஞ்சினோ 3.4 லிட்டர்தான். ஆனால் நேர் ரஸ்தாவின் முடிவில், எதிரிகள் பிரேக்கில் கால் வைத்த இடத்தைத் தாண்டியும் ஜாகுவார்கள் பாய்ந்துகொண்டே போயின! இராத்திரி ஏற ஏற மற்றவர்களின் டிரம்கள் களைத்தன, இவை களைக்கவில்லை. அஸ்காரியின் கார் கிளட்ச் கெட்டு ஒதுங்கியது. டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் முதலாவது. மாஸ் கோஷ்டி இரண்டாவது. மூன்றாவதாக வந்த கன்னிங்ஹாமுக்கு அடுத்து இன்னொரு ஜாகுவார். சராசரி வேகம் 105.85 மைல், லெ மானில் சராசரி நூறைத் தாண்டியது அதுவே முதல் தடவை. (முதல் நாள் ராத்திரி இவர்கள் இருவரும் குடித்துக் கிடந்தார்கள் என்று ஹாமில்டன் பிற்காலத்தில் கதை சொன்னார், அணியின் மானேஜர் லாப்டி இங்கிலண்ட் மறுத்தார். பிரேக்கை அவ்வளவு தாமதமாகப் பிடித்தவர்கள் நிதானத்தில்தான் இருந்திருப்பார்கள் என்பது என் கட்சி.)

நிற்கத் தெரிந்தவன் ஓடுவதிலும் ஜயித்தான். கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

1955 ஜூன் 11-ஆம் தேதி, சாயங்காலம் ஆறரை மணி. லெ மானில் ஜாகுவார் டி டைப்பை மைக் ஹாதார்ன் ஓட்டுகிறார். மெர்ஸிடிஸில் உலக சாம்பியன் பாஞ்சியோ. இன்னொரு மெர்ஸிடிஸில் நம் லெவெக்; அவருக்கு அப்போது 49 வயது. 1952-ல் காட்டிய வீரத்தை நினைத்து மெர்ஸிடிஸ்காரர்களே அவரை அழைத்துக்கொண்டார்கள். மெர்ஸிடிஸில் இன்னமும் டிரம் பிரேக். அது போதாது என்று தெரிந்து, ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் பெரிய பலகை ஒன்று எழும்பிக் காற்றைத் தடுக்கும்படி செய்திருந்தார்கள்.

ஹாதார்ன், லான்ஸ் மாக்லின் ஓட்டிய சிறிய ஆஸ்டின் ஹீலியைத் தாண்டினார். தாண்டியவர், பெட்ரோல் போடுகிற இடத்துக்கு ஒதுங்குவதற்காக வலது பக்கம் வந்து பிரேக்கை மிதித்தார். கார் மடமடவென்று வேகம் குறைந்தது. பின்னால் வந்த மாக்லின் மோதாமல் இருக்க இடது பக்கம் ஒடித்தார். அங்கே சுமார் 150 மைல் வேகத்தில் வந்துகொண்டிருந்தார் லெவெக். பிரேக்குக்கோ பலகைக்கோ நேரமில்லை. தமக்குப் பின்னால் வரும் பாஞ்சியோவுக்கு எச்சரிக்கையாக அவர் கையை உயர்த்தினார் என்று பாஞ்சியோ கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். மெர்ஸிடிஸ், ஹீலியின் சரிவான பின்புறத்தில் ஏறி எகிறி, மண் மேட்டில் மோதிச் சிதறி, ஜனக்கூட்டத்துக்குள் பாய்ந்தது. லெவெக்கும், வேடிக்கை பார்க்க வந்தவர்களில் எண்பதுக்கு மேற்பட்டவர்களும் மாண்டார்கள். மக்னீஸியத் தகட்டினாலான அதன் உடம்பு பற்றி எரிந்தது. பந்தயத்தை நிறுத்தவில்லை. நள்ளிரவுக்கு மேல், முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த மெர்ஸிடிஸ் அணி விலகிக்கொண்டது. ஹாதார்னின் ஜாகுவார் ஜயித்தது.

டிஸ்க் பிரேக்தான் இந்தக் கோரத்துக்குக் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மாக்லினின் காரிலும் டிஸ்க் பிரேக்தான் இருந்தது. விசாரணை செய்த அதிகாரிகள் எந்த ஓட்டுநரையும் குற்றவாளி ஆக்கவில்லை. 1923-ல் அங்கே முதல் பந்தயம் நடந்தபோது ஜயித்தவர்களின் சராசரி வேகம் 57 மைல். 1955-லும் பெட்ரோல் போட ஒதுங்குகிற இடத்துக்கும் ஓடுகிற ரஸ்தாவுக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் கூடக் கிடையாது. ஆனால் அந்தக் குறுகலான ரஸ்தாவில், ஒரே வரிசையில், ஓடுகிற வேகமும் நிற்கிற தூரமும் வெவ்வேறான கார்கள் போய்க்கொண்டிருந்தன என்பதை மறக்க முடியவில்லை. என் காரை எத்தனை அடியில் நிறுத்தலாம் என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் வருகிறவனுக்குத் தெரியுமா? எஞ்சினைப் பலப்படுத்துவது அவரவர் சொந்த விஷயம். பிரேக்கைப் பலப்படுத்தினால் அதில் பின்னால் வருகிறவனும் சம்பந்தப்பட்டுவிடுகிறான்.

சுவிட்சர்லாந்து தன் எல்லைக்குள் சுற்றுப் பாதைப் பந்தயங்களைத் தடை செய்தது. அந்தத் தடை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. லெ மானில் ரஸ்தாவை அகலப்படுத்தினார்கள். டிஸ்க் பிரேக்கோ வீட்டுக் கார்களுக்கு வந்து சேர்ந்தது. அதே 1955-ல் பிரான்சின் சித்ரோயன் டி.எஸ்., 1956-ல் டிரயம்ப் டி.ஆர். 3, 1957-ல் ஜாகுவாரின் எக்ஸ்.கே. 150 என்று வரிசையாக வந்தன. 1961-ல் 'இ டைப்' காரில்தான் ஜாகுவார் அந்தப் பழைய ஒற்றை அச்சைக் கைவிட்டு, பின் சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தது. பாப் நைட் என்ற எஞ்சினியர் ஒரு மாசத்துக்குள் அதை வரைந்து முடிக்க மாட்டார் என்று லயன்ஸ் ஐந்து பவுன் பந்தயம் கட்டி, பணத்தைத் தோற்றார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சலூன் கார்களின் பின் பம்பரில் சிறிய பட்டயம் ஒன்று பொருத்தியிருந்தது. 'டிஸ்க் பிரேக்' என்று மட்டும் அதில் எழுதியிருக்கும். வாங்குகிறவருக்கு அது பெருமை. பின்னால் வருகிறவருக்கு எச்சரிக்கை.

ஹாதார்ன் 1958-ல் உலக சாம்பியன் ஆகி, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே வருஷம் வெளிவந்த தம் சுயசரிதையில், லெ மான் விபத்தில் தமக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தார். அதைப் படித்த மாக்லின் மானநஷ்ட வழக்குப் போட்டார். வழக்கு முடியவில்லை. 1959 ஜனவரி 22-ஆம் தேதி, மழை ஈரம் படிந்த கில்ட்போர்டு புறவழிச் சாலையில், வேகத்துக்காக முடுக்கிவிடப்பட்ட தம் 3.4 ஜாகுவார் சலூனில் போய்க்கொண்டிருந்த ஹாதார்ன், நண்பர் ஒருவரின் மெர்ஸிடிஸைத் தாண்டினார். தாண்டிய சிறிது தூரத்தில் கார் சறுக்கிப் போய் மரத்தில் மோதியது. அப்போது அவருக்கு வயது 29.